கையெழுத்து மட்டும் நோயாளியுடையது

கேரன் சாண்ட்லர் அமெரிக்க வழக்கறிஞர். இதயத் தசை தடித்துப்போகும் நோய் அவருக்கு. திடீரென்று இதயம் நின்றுபோகும் அபாயம் இருந்ததால், டிஃபிப்ரிலேட்டர் கருவியை நெஞ்சுக்குள் பொருத்திக்கொள்ளச் சொன்னார்கள். துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தபடியே மின்னதிர்ச்சி கொடுத்து ஆளைக் காப்பாற்றும் கருவி அது. நீங்களோ நானோ என்றால் ஆபரேஷன் வலிக்குமா, எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும் என்று கேட்டிருப்போம். சாண்ட்லருக்குத் தொழிலே கட்டற்ற மென்பொருள், அதாவது யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள் சார்ந்த சட்டம். ஆகவே அவர், இதற்குள் ஓடும் மென்பொருள் எது, அதன் மூல நிரலைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மருத்துவரிடம் பதில் இல்லை. தயாரிக்கும் நிறுவனங்கள் காட்ட மறுத்துவிட்டன. உயிர்ப் பிரச்சினை என்பதால் பார்க்காமலேயே பொருத்திக்கொண்டார்.

பிறகு அவர் கருவுற்றார். கர்ப்ப காலத்தில் இதயம் படபடப்பது சாதாரணம். கருவி அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, நல்லபடியாக இருந்த மனுஷியின் நெஞ்சில் தேவையில்லாமல் அதிர்ச்சி கொடுத்தது. அதைத் தடுக்க, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தை அவர் சாப்பிட வேண்டியிருந்தது. கருவி மனுஷிக்கு ஒத்துப்போகவில்லை, அதனால் மனுஷி கருவிக்கு ஒத்துப்போனார்.

இதைப் பல மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார். கேட்ட நாளிலிருந்து என்னைக் குடைவது ஒன்றுதான்: இங்கே தப்பு யார்மேல்? கருவி பழுதாகவில்லை, எழுதிக்கொடுத்தபடிதான் நடந்தது. இந்தக் கருவி வைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். கர்ப்பிணி ஒருத்தியும் சுமப்பாள் என்று நிரல் எழுதியவர்களுக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். பொருத்திய மருத்துவர் அந்த நிரலைக் கண்ணால் கண்டதில்லை. சரி, வழக்குப் போடலாம் என்றால், 2008-இல் ரீகல் எதிர் மெட்ரானிக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் பெரும்பாலும் சாத்திவிட்டது. கடுமையான முன் ஒப்புதல் நடைமுறையைத் தாண்டி வந்த கருவி என்றால், அதன் வடிவமைப்பு சரியில்லை என்று மாநிலச் சட்டங்களின்கீழ் நஷ்டஈடு கேட்பதற்கு அநேகமாக இடமில்லை என்பது அந்தத் தீர்ப்பு. இத்தனைக்கும் அது மென்பொருள் வழக்கே இல்லை. ஆஞ்சியோபிளாஸ்டியின்போது உடைந்த ஒரு பலூன் கதீட்டரைப் பற்றியது. ஆனால் நெஞ்சுக்குள் வைக்கும் டிஃபிப்ரிலேட்டர்களும் அதே நடைமுறை வழியாக வருபவைதான்.

டிஜிட்டல் மருத்துவத்தில் எங்கே தொட்டாலும் எனக்கு இதுவே தட்டுப்படுகிறது. நிறுவனம், மருத்துவமனை, மருத்துவர், ஒப்புதல் கொடுத்த அமைப்பு என்று ஒவ்வொருவர் கையிலும் ‘நான் பொறுப்பில்லை’ என்று காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதங்களில் பாதிக்குமேல் நோயாளி போட்டுக்கொடுத்த கையெழுத்துதான்.

உடம்புக்குள் போன பொருளை யார் பராமரிப்பது என்ற கேள்வி இன்னும் மோசம். செகண்ட் சைட் என்ற நிறுவனம் ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையைக் கொண்டுவந்தது. விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போனவர்களுக்காகச் செய்தது. கண்ணுக்குள் மின்முனைகள், மூக்குக் கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு சின்னக் கணினி. பார்வை முழுசாகத் திரும்பாது. வெளிச்சமும் நிழலும் விளிம்புகளும் தெரியும். இருட்டிலேயே கிடந்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயம். உலகம் முழுக்க 350 பேருக்கும் அதிகமானோர் வைத்துக்கொண்டார்கள். 2019-இல் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. மறு ஆண்டு பணம் வற்றிப்போய்ப் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கண்ணில் கருவி அப்படியே இருக்கிறது. பழுதானால் உதிரிபாகம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. போன் மாடலுக்கு அப்டேட் நின்றுபோனால் வேறு போன் வாங்கலாம். கண்ணுக்கு என்ன செய்வது? ஒரு நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம், அது வணிகம். ஆனால் உள்வைப்புக் கருவி விற்பவர்கள், தாங்கள் போனபின் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நிதியையும் தொழில்நுட்ப விவரங்களையும் பொது அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் முதல் கருவியையே விற்க வேண்டும் என்று சட்டம் சொன்னால் என்ன கெட்டுப்போகும்? சுரங்கம் தோண்டுகிறவர்களிடம் பின்னால் குழியை மூடுவதற்கு முன்பணம் வாங்கும் நாடுகள் இருக்கின்றன. இதில் மட்டும் ஏன் கூடாது என்று எனக்குப் புரியவில்லை.

உள்ளே இருக்கும் கருவி நமக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் கூடும். 2016-இல் ஒஹாயோ மாநிலத்தில் ஒருவருடைய வீடு எரிந்தது. தீ பிடித்ததும் பெட்டிகளில் அள்ளிப்போட்டு, ஜன்னல் வழியாகச் சாமான்களை வெளியே எறிந்ததாக அவர் சொன்னார். போலீசார் வாரண்ட் வாங்கி, இதயத் துடிப்பைச் சீராக்க அவர் நெஞ்சில் பொருத்தியிருந்த பேஸ்மேக்கரின் பதிவுகளை எடுத்தார்கள். இதயத் துடிப்பைப் பார்த்த நிபுணர், இந்த உடல்நிலையில் இவ்வளவு வேலை செய்திருப்பது நம்பும்படியாக இல்லை என்றார். தீ வைப்பு, காப்பீட்டு மோசடி என்று வழக்கு. அந்தப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்ற வாதத்தை 2017-இல் நீதிபதி தள்ளுபடி செய்தார். வாயை மூடிக்கொண்டிருக்க அவருக்கு உரிமை உண்டு. நெஞ்சுக்குள் இருந்ததற்கு அந்த உரிமை இல்லை. அவர் உண்மையிலேயே தீ வைத்தாரா என்பது வேறு. உயிர் பிழைக்கப் பொருத்திய ஒன்றை, வேவு பார்க்கும் கருவியாகவும் பயன்படுத்தலாம் என்று யாராவது அவரிடம் ஆபரேஷனுக்கு முன் சொல்லியிருப்பார்களா?

நானும் ஒரு கருவியோடுதான் திரிகிறேன். என்னுடையது நெஞ்சுக்குள் இல்லை. மேல்கையில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சார். அதன் அடியில் மயிரிழை மாதிரி ஒன்று தோலுக்குள் போய் நிற்கும். அது அளப்பது ரத்தத்தை இல்லை, செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தை. அதனால் ரத்தத்தில் இருக்கும் அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கித்தான் எண் வரும். இன்னொரு கூத்தும் உண்டு. தூக்கத்தில் அந்தக் கைமேல் புரண்டு படுத்தால், அழுத்தத்தில் அங்கே திரவ ஓட்டம் குறைந்து, சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விட்டதாகக் காட்டும். நள்ளிரவில் அலாரம் அலறும். எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்குள் வேறு ஊரில் இருக்கும் மகளின் போனும் அலறியிருக்கும், ஏனென்றால் ஆப்பில் அவளைப் பார்வையாளராகச் சேர்த்திருக்கிறேன்.

சேர்த்த புதிதில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு பகலிலும் போன் வர ஆரம்பித்தது. “அப்பா, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? கோடு இப்படி ஏறியிருக்கே?” அவள் கேட்பது அக்கறையில்தான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷனுக்குத் தன் தட்டில் இருப்பதை ஒளிக்க இடமில்லாமல் போவதும் ஒரு மாதிரியான இழப்பு. ஒருநாள் பகிர்வை நிறுத்திவைத்தேன். கால் மணி நேரத்தில் “ஏன்ப்பா ஆஃப் பண்ணீங்க?” என்று மெசேஜ் வந்தது. கடைசியில் இரவுக்கு மட்டும் பகிர்வது என்று பேசி முடித்தோம். இந்த மாதிரிப் பேரம் வீட்டுக்குள் நடக்கும், நடக்கவும் வேண்டும். அதே எண்களை எடுத்துப்போகும் சர்வரோடு பேரம் பேச வழியே இல்லை.

ஒரு காலையில் ஆப் அப்டேட் ஆகி, திருத்திய நிபந்தனைகள் என்று ஒரு நீளமான பக்கத்தைக் காட்டியது. கீழே ஒரே பட்டன், ‘ஏற்கிறேன்’. ஏற்காவிட்டால் எண் தெரியாது. சென்சாரோ ஏற்கெனவே கையில். இன்சுலின் போடும் நேரம். முழுசும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கியது. ஐரோப்பாவில் 2018-இலிருந்து நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, சம்மதம் சுதந்திரமாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. சேவைக்குத் தேவையே இல்லாத தரவுக்கும் சம்மதம் கொடுத்தால்தான் சேவை என்று கட்டிப்போட்டால், அந்தச் சம்மதத்தையே சந்தேகிக்கச் சொல்கிறது. ஏட்டில் அருமையான விதி. அன்று காலையில் என் கட்டைவிரலுக்கு என்ன சுதந்திரம் இருந்தது என்பதை மட்டும் யாராவது சொன்னால் தேவலை.

இந்த சர்வர்கள் நின்றுபோனால்? 2019 நவம்பர் கடைசியில், சர்க்கரை சென்சார் செய்யும் டெக்ஸ்காம் நிறுவனத்தின் சர்வர்கள் செயலிழந்து, பிள்ளைகளின் சர்க்கரையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர்களுக்கு எச்சரிக்கைகள் போகாமல் நின்றன. அலாரம் வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே தூங்குவோம். முன்பு கண்விழித்துக் காவல் இருந்தவர்களை, கண்விழிக்க வேண்டாம் என்று பழக்கியபின் பழுதாவது, ஆரம்பத்திலிருந்தே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. ஆனால் நிபந்தனைப் பக்கங்களை எடுத்துப் பார்த்தால், இதை மட்டும் நம்பிச் சிகிச்சை முடிவெடுக்காதீர்கள் என்ற தொனியில் எங்கேனும் ஒரு வரி இருக்கும்.

நீரிழிவுக்காரர்கள் உலகத்தில் இதற்கு நேர்மாறான ஒரு சம்பவமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பழைய மெட்ரானிக் இன்சுலின் பம்புகள் சிலவற்றில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது, வெளியிலிருந்து ரேடியோ அலை மூலம் கட்டளை அனுப்பலாம். டேனா லூயிஸ் போன்ற நோயாளிகள் அதே ஓட்டை வழியாகத் தங்கள் பம்பையும் சென்சாரையும் இணைத்து, தானாக இன்சுலின் அளவை மாற்றும் அமைப்பைத் தாங்களே எழுதி, 2015-இல் ஓபன்ஏபிஎஸ் என்று ஊருக்கே திறந்துவிட்டார்கள். நிறுவனங்கள் கொண்டுவரும்வரை காத்திருக்க மாட்டோம் என்பதே அவர்களுடைய கோஷம். 2019-இல் அந்த ஓட்டையைக் காரணம் காட்டி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்தப் பம்புகளைப் பற்றி எச்சரித்தது. எச்சரிக்கை நியாயமானது, தீய எண்ணம் உள்ளவன் அருகில் வந்தால் ஆளையே கொல்லலாம். ஆனால் பலருக்கு நல்ல தூக்கம் கொடுத்ததும் அந்த ஓட்டைதான். ஓட்டையை அடைக்கச் சொல்லும் சட்டம், முறையான ஒரு கதவையும் வைக்கச் சொல்ல வேண்டாமா? தன் உடம்பில் இருக்கும் கருவியின் தரவை நோயாளி எடுத்துக்கொள்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்ற விலக்கையே அமெரிக்கா 2015-இல்தான் கொடுத்தது. அதற்கும் போராட வேண்டியிருந்தது.

இனி தரவு. ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஏதோ ஒரு மருத்துவ ரகசியச் சட்டம் காக்கிறது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் 1996-இல் வந்தது. அது கட்டுப்படுத்துவது மருத்துவமனைகளையும் மருத்துவர்களையும் காப்பீட்டு நிறுவனங்களையும் அவர்களுக்கு வேலை செய்பவர்களையும். நீங்களாக இறக்கிக்கொண்ட ஆப் பெரும்பாலும் அதில் அடங்காது. அதே மாதவிலக்குத் தேதி மருத்துவரின் கோப்பில் இருந்தால் ரகசியம், போனில் இருந்தால் சரக்கு. தகவலைப் பார்க்காமல், அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்கும் சட்டம் இது. ஃப்ளோ என்ற மாதவிலக்குக் கணக்கு ஆப், ரகசியமாக வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டு ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குத் தகவல் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், 2021-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரசத்துக்கு வந்தது. 2023-இல், மருந்துக்குத் தள்ளுபடி தேடித்தரும் குட்ஆர்எக்ஸ் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது, மருந்துத் தகவலை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு அதைத் தெரிவிக்காமல் இருந்ததற்காக. கவனியுங்கள், இவையெல்லாம் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு போட்ட வழக்குகள். சொன்ன வாக்கை மீறினாய் என்பதுதான் அங்கே முக்கியக் குற்றம். முதலிலேயே ‘விற்போம்’ என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தால் வழக்கு இவ்வளவு சுலபமாக நின்றிருக்குமா என்பது சந்தேகம்.

இந்த இடைவெளி தெரிந்துதான் வாஷிங்டன் மாநிலம் 2023-இல் தனிச் சட்டம் போட்டது. ஐரோப்பாவில் யார் கையில் இருந்தாலும் உடல்நலத் தரவு தனி வகை, கூடுதல் காவல். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாகப் பிரிக்கவே இல்லை. செருப்பு வாங்கிய விவரமும் புற்றுநோய் விவரமும் அதில் ஒரே வரிசை. இது எனக்கு உடன்பாடில்லாத முடிவு.

பெயரை நீக்கிவிட்டுத்தான் பகிர்கிறோம் என்பார்கள். கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி மாணவியாக இருந்த காலத்திலேயே, பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவமனைப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவைக் கண்டுபிடித்துக் காட்டினார். அவருக்குத் தேவைப்பட்டவை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மட்டுமே. அது 1990-களில். இன்று கையில் இருக்கும் கணினி பலத்துக்கு அதெல்லாம் விளையாட்டு.

கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்தின் வஸ்தாமோ போதும். மனநல ஆலோசனை மையங்கள் நடத்திய நிறுவனம். 2020 அக்டோபரில், திருடிய கோப்புகளை வைத்துக்கொண்டு ஒருவன் முதலில் நிறுவனத்தை மிரட்டினான். பணம் வராததால் நோயாளிகளுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பினான். சுமார் 33,000 பேரின் பதிவுகள். சிகிச்சையாளரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னவை, அவர் எழுதிவைத்த குறிப்புகள். கடவுச்சொல்லை மாற்றலாம், கடன் அட்டையை முடக்கலாம். சின்ன வயதில் நடந்ததைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தை எப்படி மாற்றுவது? 2024-இல் அவனுக்கு ஆறு ஆண்டுகளுக்குமேல் சிறை கிடைத்தது. நஷ்டஈடு என்று எவ்வளவு கொடுத்தாலும் வெளியே போனது உள்ளே வராது. பாதுகாப்பைத் தளர்வாக வைத்திருப்பவர்களுக்குக் கசிவு நடந்தபின் தண்டனை என்பதைவிட, இவ்வளவு விவரமாக எதற்குச் சேர்த்துவைக்கிறாய் என்று முன்னாலேயே கேட்கும் அதிகாரம் தேவை.

அல்காரிதம்களைப் பற்றிச் சுருக்கமாக. 2019-இல் சயின்ஸ் இதழில் ஸியாத் ஓபர்மேயரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக ஓடிய ஒரு அல்காரிதத்தைப் பிரித்துப் பார்த்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று அது பட்டியல் போடும். நோயின் கடுமையை நேராக அளக்காமல், இவர்மேல் எவ்வளவு செலவாகும் என்பதை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. கறுப்பினத்தவர்களுக்குக் காலங்காலமாகச் செலவு செய்ததே குறைவு. ஆகவே அதே அளவு நோயிருந்தும் அவர்கள் பட்டியலில் கீழே போனார்கள். சரிசெய்தால் கூடுதல் கவனிப்புப் பெறுபவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாகும் என்று கணக்கிட்டார்கள். இனம் என்ற தகவலே அந்த அல்காரிதத்துக்குக் கொடுக்கப்படவில்லை என்பதுதான் இதில் சூட்சுமம். பாகுபாடு செய்யும் எண்ணத்தைத் தேடும் சட்டத்துக்கு இங்கே எதுவும் கிடைக்காது. விளைவைப் பார்க்கும் சட்டம் வேண்டும், அதைப் பார்க்க அல்காரிதத்தைத் திறந்துகாட்டச் சொல்லும் அதிகாரமும் வேண்டும்.

பொறுப்பு விஷயத்தில் ஒரு நல்ல உதாரணமும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று மருத்துவர் இல்லாமலே சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற அமைப்புக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைச் செய்த நிறுவனம், எங்கள் அமைப்பு தப்பாகச் சொன்னால் பொறுப்பு எங்களுடையது என்று காப்பீடு எடுத்து வைத்துக்கொண்டது. முடிவை எந்திரம் எடுத்தால் எந்திரம் செய்தவன் பொறுப்பு. பெரும்பாலான மற்றவர்கள் செய்வது வேறு. ‘மருத்துவருக்கு உதவும் கருவி’ என்று பெயர் வைத்துவிட்டு, கடைசிப் பட்டனை மருத்துவரை அமுக்கச் சொல்வார்கள். எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வந்து குவியும் திரையின் முன்னால், அவரும் என் கட்டைவிரலைப் போலத்தான் அமுக்குவார். வழக்கு வந்தால் அமுக்கியவர் பெயர் பதிவில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பொருள்களுக்கான பொறுப்புச் சட்டத்தைத் திருத்தி, மென்பொருளும் ஒரு ‘பொருள்’தான் என்று எழுதியது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் தங்கள் சட்டங்களில் கொண்டுவர வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தப் பட்டியலிலேயே உருப்படியான திருத்தம் இதுதான்.

ஆனால் கூட்டம் ஏற்கெனவே வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. சென்சாரும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம், பொதுவான உரையாடல் செயலியில் வலியைத் தட்டச்சு செய்து மருந்தைக் கேட்கிறார்கள். ஒரு மென்பொருள் மருத்துவக் கருவியா இல்லையா என்பதை அநேக நாடுகளில் தீர்மானிப்பது, அதை எந்த நோக்கத்துக்கு என்று தயாரித்தவர் அறிவிக்கிறார் என்பது. நோய் கண்டறிய என்று எழுதினால் கருவி, சோதனை, ஒப்புதல், பொறுப்பு எல்லாம் வரும். ‘பொதுத் தகவலுக்காக’ என்று எழுதினால் ஒன்றும் வராது. 2023-இல் அமெரிக்காவில் உணவுக்கோளாறு உள்ளவர்களுக்கான ஒரு தொண்டு அமைப்பின் டெஸ்ஸா என்ற சாட்பாட், அவர்களுக்கே எடை குறைக்க யோசனை சொல்லி, பிறகு எடுக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலம், செயற்கை நுண்ணறிவு தானாக மனநலச் சிகிச்சை செய்வதைத் தடை செய்தது. சிகிச்சை என்று சொல்லிக்கொண்டு செய்தால்தான் அது தடை. பேச்சுத்துணை என்று பெயர் வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு அதே ஆளிடம் அதே பேச்சைப் பேசினால் என்ன செய்வது என்பதற்கு அந்தச் சட்டத்தில் எனக்குப் பதில் தென்படவில்லை.